பி.ஈ. குறைஞ்சா பேங்க் ஷேர் மலிவு என்டுறது பிழை

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது, பி.ஈ. (விலை-லாப விகிதம்) 5க்குக் கீழ இரிக்கிற பேங்க் ஷேர கண்ண மூடிட்டு வாங்கலாமாம், இண்டெக்ஸ் ஃபண்டுக்கும் (ஒரு சந்தைக் குறியீட்டுல இரிக்கிற ஷேரெல்லாத்தையும் சேத்து வாங்குற ஃபண்டு) இதே கணக்குத்தானாம். தயவுசெஞ்சி பென்சன் காச இத நம்பிப் போட்டுராதீங்க.

பி.ஈ. என்டா ஷேர் விலைய ஒரு ஷேருக்கு வந்த லாபத்தால பிரிக்கிறது, பேங்க்ட லாபமோ வாராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்குறாங்க என்டதுல ஏறி இறங்கும், முந்தி ஒதுக்கினதத் திருப்பி எடுத்தா அந்த வருசம் லாபம் ஊதி பி.ஈ. சின்னதாத் தெரியும். பேங்குக்கு விலையப் புத்தக மதிப்போட (சொத்துல கடனக் கழிச்சா மிஞ்சுறது) ஒப்பிட்டு, போட்ட மூலதனத்துக்கு எவ்வளவு லாபம் வருது, வாராக்கடன் எவ்வளவு என்டுதான் பாக்கணும்.

இண்டெக்ஸும் அப்படித்தான். 2009 மார்ச்சில அமெரிக்காட பெரிய கம்பனிகள்ட ஷேர் குறியீடான எஸ் அன்ட் பி 500 அடிமட்டத்துக்கு விழுந்திச்சு, ஆனா நிதிக் கம்பனிகள்ட நட்டம் மொத்த லாபத்துல பெரும்பங்கத் திண்டதால அந்த வருசமே பி.ஈ. 100ஐத் தாண்டிச்சு, பி.ஈ.ய மட்டும் பாத்தவன் விலை விழுந்து கிடந்த அந்த நேரம் வாங்கியே இரிக்க மாட்டான்.