ஐஸ்லாந்து ஒன்றும் ‘கைபடாத பூமி’ இல்லை

ஐஸ்லாந்து பற்றித் தமிழில் வரும் பயண வீடியோக்களில் ஒரு வசனம் தவறாமல் வந்துவிடுகிறது. "மனிதன் கைபடாத பூமி, நண்பர்களே!" மேலே டிரோன் பறக்கும், கீழே கருப்பு மணல், கண்ணுக்கு எட்டிய வரை பாசி, ஒரு மரம்கூட இருக்காது. இங்கே குடியிருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன், மனிதன் கை பட்டு, ஆட்டின் வாய் பட்டு, மிச்சத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போன பூமி இது. அழகு இல்லை என்று யார் சொன்னது? நன்றாக ரசியுங்கள். அந்த மொட்டை வெளியில் பெரும்பகுதி மனிதன் செய்த வேலை என்று தெரிந்துகொண்டு ரசியுங்கள்.

9ஆம் நூற்றாண்டின் கடைசியில் நார்வே பக்கமிருந்து ஆட்கள் வந்து குடியேறியபோது, தரையில் வாழும் பாலூட்டி என்று இங்கே இருந்தது ஆர்க்டிக் நரி மட்டும்தான். புல் மேய்கிற விலங்கு ஒன்றுகூடக் கிடையாது. 12ஆம் நூற்றாண்டில் ஆரி என்கிற பாதிரியார் இந்த நாட்டின் வரலாற்றை எழுதியபோது, குடியேற்ற காலத்தில் மலைக்கும் கடற்கரைக்கும் நடுவில் காடு மூடியிருந்தது என்று குறித்து வைத்திருக்கிறார். நாட்டில் கால்வாசிக்குக் குறையாமல், குட்டையாக வளரும் பிர்ச் மரக் காடும் புதருமாக இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இப்போது, நட்டு வளர்த்த மரங்களையும் சேர்த்து, 2 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கிறது. "ஐஸ்லாந்துக் காட்டில் வழி தவறிவிட்டால் என்ன செய்வது? எழுந்து நில்லு, போதும்" என்று இவர்களே ஜோக் அடிப்பார்கள்.

விறகுக்கும் இரும்பு உருக்கக் கரிக்கும் மரத்தை வெட்டினார்கள், சரி, அது எல்லா நாட்டிலும் நடந்ததுதான், வெட்டிய இடத்தில் மறுபடி முளைத்துவிடும். இங்கே முளைத்த துளிரை எல்லாம் ஆடு கடித்தது. எரிமலைச் சாம்பலால் ஆன மண் எடையில்லாத மண், ஒன்றோடு ஒன்று ஒட்டாது, வேர் பிடித்திருக்கும் வரைதான் தரையில் இருக்கும். எரிமலை வெடித்துச் சாம்பல் விழுந்தால் மரங்களுக்கு நடுவே விழும் சாம்பல் அங்கேயே படிந்துவிடும், குட்டைப் புல்வெளியில் விழுவதைக் காற்று கிளப்பிக்கொண்டு போய் அடுத்த பக்கம் இருக்கும் செடிகளையும் அறுத்துவிடும். இப்படியே நூற்றாண்டுக் கணக்கில் போய், ஐரோப்பாவிலேயே மோசமான மண் அரிப்பு நடந்த நாடுகளில் ஒன்றாகிவிட்டது. ஆபத்தை உணர்ந்து 1907லேயே காடு வளர்ப்புக்கும் மண் பாதுகாப்புக்கும் சட்டம் போட்டார்கள். பின்னால் விமானத்திலிருந்து விதையும் உரமும் தூவினார்கள். மலையில் ஆட்டை மேயவிடுவதை மட்டும் பெரும்பாலும் தொடவில்லை.

ஏன் தொடவில்லை என்பதற்கு ஒரு செப்டம்பர் மாதம் இங்கே வந்து பாருங்கள், புரியும். கோடை முழுக்க ஆடுகள் மேய்ப்பன் இல்லாமல் மலையில் திரியும். குட்டிகளையும் சேர்த்து எண்ணினால் அந்த மாதங்களில் மனிதர்களை விட ஆடுகள்தான் அதிகம். செப்டம்பரில் குதிரையிலும் நடந்தும் போய் எல்லாவற்றையும் ஓட்டி வந்து வட்டமான பட்டியில் அடைப்பார்கள், ரியெத்திர் என்று பெயர். நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் ஆரக்கால் மாதிரி பிரித்த அறைகள், பண்ணைக்கு ஒன்று. எந்தப் பண்ணை ஆடு என்று காட்டும் காது வெட்டைப் பார்த்து, கொம்பைப் பிடித்து, ஆட்டை இரண்டு காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அவரவர் அறைக்கு இழுத்துப் போவார்கள். பாட்டி முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை கம்பளி ஸ்வெட்டரோடு சேற்றில் நிற்பார்கள், பாட்டு, குடி, ராத்திரி ஆட்டம். தலைநகர் ரெய்க்யாவிக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவரும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். இதைப் போய் ஒரு அமைச்சர் நிறுத்த முடியுமா? ஆட்டுக்கறி சூப்பை நானும்தான் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்.

ஆனால் கோபம் எல்லாம் ஒரு பூச்செடி மேல் போகிறது. லூபின். ஜூன் மாதத்தில் மலைச்சரிவெல்லாம் ஊதாவாகப் பூத்துக் கிடக்குமே, நம் ஆட்கள் நடுவில் போய் நின்று போட்டோ எடுப்பார்களே, அதுதான். 1945இல் காட்டிலாகாத் தலைவர் ஹாகோன் ப்யார்னசன் அலாஸ்காவிலிருந்து விதை கொண்டு வந்தார். வேரில் நைட்ரஜனைப் பிடித்து வைத்து வெறும் சரளையையும் மண்ணாக்கிவிடுகிற செடி, அதனால் ஊர் ஊராகத் தூவினார்கள். அது பேச்சுக் கேட்காமல் பாசியையும் பெர்ரிப் புதர்களையும் மூடிக்கொண்டு போனதும், வந்தேறிச் செடி, பிடுங்கி எறி என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, உயரமான மலைப் பகுதிக்குள் அதை விடக்கூடாதுதான். ஆனால் வந்தேறி என்று பார்த்தால் ஆடும் படகில் வந்ததுதானே! ஆயிரத்துச் சொச்சம் வருஷம் முன்னால் வந்தது பாரம்பரியம், எண்பது வருஷம் முன்னால் வந்தது படையெடுப்பு என்றால் என்ன கணக்கு?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இயற்கை என்றால் தள்ளி நின்று கும்பிடுகிற பொருள் என்ற எண்ணம் இந்த ஊர்க்காரர்களிடம் கிடையாது. வெஸ்ட்மன் தீவுகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் பஃபின் என்கிற கடற்பறவையின் குஞ்சுகள் முதல்முறை கூட்டை விட்டுக் கிளம்பும்போது ஊர் விளக்கைப் பார்த்துக் குழம்பித் தெருவில் விழும். பிள்ளைகள் ராத்திரியில் அட்டைப்பெட்டியோடு அலைந்து அவற்றைப் பிடித்து, காலையில் பாறை விளிம்பில் நின்று கடல் பக்கம் வீசிப் பறக்கவிடுவார்கள். அதே தீவில் நீளக் கம்பு வலையால் பஃபினைப் பிடித்துப் புகையில் வாட்டித் தின்னும் வழக்கமும் உண்டு. ஈடர் வாத்து கூட்டில் உதிர்க்கும் மென்சிறகை எடுத்து விற்கும் பண்ணைக்காரர் அடைகாக்கும் காலம் முழுக்க நரியும் மிங்க் என்கிற கீரி மாதிரி விலங்கும் அண்டாமல் காவல் இருக்கிறார், ஒரு கிலோ சேர்க்க அறுபது கூடு வேண்டும். வாத்து காட்டுப் பறவைதான், கட்டிப்போடவில்லை, பாதுகாப்பு இருப்பதால் வருஷா வருஷம் அங்கேயே வருகிறது. நம் பதிவுகளில் இது எதுவும் வராது, பஃபின் மூக்கு மட்டும் வரும்.

என் கருத்து இதுதான்: லூபினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆட்டுக்கு வேலி போடுங்கள். ஆடு வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல புல் இருக்கும் இடத்தில் மேயட்டும், மண் தோல் உரிந்து கிடக்கும் மலையில் வேண்டாம். இப்போது நிலைமை எப்படி என்றால், பல இடங்களில் மரம் நடுகிறவன்தான் தன் செலவில் வேலி கட்டிக்கொள்ள வேண்டும், ஆட்டுக்காரர் கட்ட வேண்டியதில்லை. அரசு ஒரு கையால் மரம் நடப் பணம் தருகிறது, இன்னொரு கையால் ஆடு வளர்க்க மானியம் தருகிறது.

நடக்காத காரியம் என்பவர்கள் தெற்கே தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்குக்குப் போய்ப் பார்க்கலாம், பெரிய சக்கரம் வைத்த பஸ் ஆற்றுக்குள் இறங்கிப் போகும். 1920களில் அங்கே மேய்ச்சலை நிறுத்தினார்கள். மிச்சமிருந்த பிர்ச் மரங்கள் தாமாகவே விதை போட்டுப் பரவின. 2010இல் ஐரோப்பா முழுக்க விமானங்களை நிறுத்திய எரிமலை (பெயரை உச்சரிக்க நான் முயலப் போவதில்லை) அதன் பக்கத்து மலைதான், சாம்பல் அந்தக் காட்டின் மேலும் கொட்டியது. பிர்ச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.