ஆர்வம் இல்லையாம்!

சனிக்கிழமை இங்கே அமெரிக்காவில் நடந்த நம்மவர் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தக் கைதட்டல் விடவில்லை. "கறுப்பர்களுக்கும் லத்தீனோக்களுக்கும் டெலிஹெல்த்தில் ஆர்வமே கிடையாது, கோவிட் சமயத்திலேயே பார்த்தோமே" என்று ஒருவர் அடித்துவிடுகிறார். டெலிஹெல்த் என்றால் போனிலோ வீடியோவிலோ டாக்டரைப் பார்ப்பது; லத்தீனோக்கள் என்றால் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். படித்த கூட்டம் தலையாட்டுகிறது.

ஆர்வம் இல்லையா? 2021 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை எடுத்த சர்வேயை வைத்து அமெரிக்க சுகாதாரத் துறையே கணக்குப் போட்டிருக்கிறது. முந்தைய நாலு வாரத்தில் டெலிஹெல்த் பயன்படுத்தியவர்கள் மொத்தத்தில் 23.1 சதவீதம். கறுப்பினத்தவர் 26.8. சராசரிக்கு மேலே, சார்! அடி விழுந்தது வீடியோவில். டெலிஹெல்த்தில் டாக்டரைப் பார்த்த வெள்ளையரில் 61.9 சதவீதம் பேருக்கு வீடியோ கிடைத்தது; கறுப்பினத்தவரில் 53.6, லத்தீனோக்களில் 50.7. மற்றவர்களுக்கு வெறும் போன். ஆசியர்கள்? 51.3. கைதட்டியவர்களே, நாமும் அதே வரிசையில்தான் நிற்கிறோம்.

வீடியோ எங்கே சிக்கும் என்று கிளினிக்குகளுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். முதலில் போர்ட்டலில், அதாவது நோயாளிகளுக்கான கிளினிக் இணையதளத்தில், கணக்கு. அதற்கு மின்னஞ்சல் வேண்டும், ஆக்டிவேஷன் கோடு வேண்டும். கோடு காலாவதியானால் போன் போட்டு ஹோல்டில் கிடக்க வேண்டும். பழைய போனில் ஆப் இறக்க இடம் இருக்காது. கேமரா அனுமதி கேட்கும்போது பயந்துபோய் 'வேண்டாம்' அழுத்திவிட்டால், செட்டிங்ஸுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. இத்தனையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பதிவு செய்யும்போது மொழிக் கட்டத்தை யாரும் நிரப்பாவிட்டால் மொழிபெயர்த்துச் சொல்லும் இன்டர்பிரெட்டர் புக் ஆகமாட்டார். புக் ஆனாலும் மூன்றாவது ஆளாக உள்ளே வர அவருக்குத் தனி லிங்க் போக வேண்டும். 15 நிமிட அப்பாயின்ட்மென்ட்டில் பத்து நிமிடம் இதிலேயே போய்விடும். டாக்டர் பார்ப்பார், பார்ப்பார், கடைசியில் போனில் கூப்பிடுவார். இதற்குப் பெயர் 'ஆர்வமின்மை'.

"போனில் பேசினாலும் வைத்தியம்தானே?" பிரஷர் மாத்திரையை நீட்டிக்க வேண்டுமென்றால், சரி, போதும். மூச்சு வாங்குவதை, கால் வீக்கத்தை, தோல் தடிப்பைக் காதால் பார்க்க முடியுமா? காசு விஷயத்திலும் போன் இளைத்தது என்றுதான் ஆரம்பித்தார்கள். 2020 மார்ச் கடைசியில் மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) போன் அழைப்புக்கு டாக்டருக்குக் கொடுத்தது சுமார் 14 முதல் 41 டாலர். ஏப்ரல் 30-ம் தேதிதான் அதை 46 முதல் 110 ஆக ஏற்றினார்கள்.

"எல்லார் கையிலும் போன் இருக்கிறதே" என்பார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது? போன் இருப்பதும் மாதக் கடைசியில் டேட்டா மிச்சம் இருப்பதும் ஒன்றா?

கோவிட் சமயத்தில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய ஆக்சிமீட்டர், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி, அதன் கதை இன்னும் மோசம். விரலில் மாட்டு, எண்ணைச் சொல், 92-க்குக் கீழே போனால் கூப்பிடு. ஆனால் 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். தோல் நிறம் கருவியை ஏமாற்றுகிறது. போனில் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு "நல்லா இருக்கீங்க" என்று வைத்துவிட்டால், அதுவும் அவர்களுடைய ஆர்வமின்மையா? நம் தோல் மட்டும் என்ன, பாலாடை நிறமா?

"நீ எல்லாவற்றையும் இனப் பிரச்சினை ஆக்குகிறாய்" என்று இன்பாக்ஸில் வந்துவிட்டது. நான் எங்கே ஆக்கினேன்? கூட்டத்தில் இனத்தின் பெயரைச் சொன்னவர் அவர். ஏழை வீடுகளின் இணையக் கட்டணத்துக்கு மாதம் 30 டாலர் வரை கொடுத்த அரசுத் திட்டம் 2024 ஜூனில் பணமில்லாமல் நின்றதே, சுமார் 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

கமெண்ட்டில் பாடம் எடுக்க வருகிறவர்கள் முதலில் உங்கள் கிளினிக் போர்ட்டலைத் திறந்து, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்காக மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.