உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது

போன வாரம் கொழுந்தியா கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க தி.நகர் போயிருந்தோம். எந்தக் கடை என்பது வேண்டாம். பட்டு செக்‌ஷனில் வரிசையாக நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தன. நாலிலும் மடிக்க வேண்டிய சேலைகள் குவிந்திருந்தன. எங்களுக்குச் சேலை காட்டிய பெண் வலது காலில் கொஞ்ச நேரம், இடது காலில் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தது. யாரும் பார்க்காதபோது இடுப்பை ரேக்கில் சாய்த்துக்கொண்டது. அந்த நிற்பு எனக்குத் தெரியும். அதே ஏரியாவில் ஏழு வருடம் நானும் அப்படித்தான் நின்றேன்.

2008-ல் பிளஸ் டூ முடித்த கையோடு சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்தவன் நான். சாப்பாடு, தங்குமிடம் போக மாதம் 3,500 ரூபாய். ஊரிலிருந்து ஆள் கூட்டி வருவதில் முதலாளிகளுக்கு ஒரு வசதி உண்டு. ஹாஸ்டலும் மெஸ்ஸும் கடையுடையது. கோபித்துக்கொண்டு வேலையை விட்டால் அன்று ராத்திரி படுக்க இடம் கிடையாது. சென்னைப் பையன் என்றால் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவான், நாங்கள் எங்கே போவது?

நன்றி கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளம் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை. அக்கா கல்யாணத்தில் பாதிக் கடனை அந்தச் சம்பளம்தான் அடைத்தது. தொழிலும் கற்றுக்கொண்டேன். சேலையை ஒரே உதறலில், முந்தி மேலே தெரிகிற மாதிரி விரிக்கவே எனக்கு மூன்று மாதம் பிடித்தது. கூட நின்ற சீனியர் அண்ணாச்சி ஒருவர், “விலை கேக்குற வாயைப் பாக்காத, துணியத் தடவுற கையப் பாருடே” என்பார். பத்துப் பேர் கூட்டமாக வருவார்கள். பணம் கொடுப்பவர் ஒருவர், சத்தமாகப் பேசுபவர் ஒருவர். முடிவெடுப்பது பெரும்பாலும் ஓரமாக உட்கார்ந்திருக்கும் அத்தையாகத்தான் இருக்கும். அந்த அத்தையைக் கண்டுபிடித்துவிட்டால் நாற்பது சேலை விரிக்க வேண்டிய இடத்தில் பதினைந்தோடு முடியும். அதில் ஒரு குஷி உண்டு, பொய் சொல்லவில்லை.

கூட்டம் இருக்கும்போது கால் வலியே தெரியாது. மதியம் இரண்டரையிலிருந்து நாலு வரை கடை காலியாக இருக்கும், அப்போதுதான் தெரியும். கெண்டைக்காலில் ஆரம்பித்து முதுகு வரை ஏறும். அந்த நேரத்தில் ஒரு சேலை பண்டல் மேல் லேசாக உட்கார்ந்தால் போதும், இன்டர்காம் அடிக்கும். “மூணாவது மாடி, ரெண்டாவது ரேக்கு, உக்காந்திருக்கது யாரு?” சிசிடிவி திருட்டைப் பிடிக்க வைத்தது என்று கஸ்டமர் நினைத்துக்கொள்வார். எங்கள் மாடியில் அது அதிகம் பிடித்தது எங்களைத்தான். அதனால் மடித்து அடுக்கிய சேலையையே பிரித்து மறுபடி மடிப்போம். ஒரே மதியத்தில் ஒரே சேலையை நாலு தடவை மடித்திருக்கிறேன்.

ராத்திரி பத்துக்கு ஷட்டர் இறங்கும், ஆடியும் தீபாவளியும் வந்தால் பதினொன்று. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே சொல்லிவிட்டது என்பதை வேலையை விட்ட பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹாஸ்டலுக்குப் போனதும் எட்டுப் பேரும் தரையில் படுத்து, காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்வோம். அப்படி வைத்தால்தான் வீக்கம் வடியும். அந்தச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு மேல் வரிசையாகக் குதிகால் கறை இருக்கும். வெள்ளையடித்தாலும் ஒரே மாதத்தில் திரும்ப வந்துவிடும்.

இந்தப் பிரச்சினையை முதலில் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைகளில் வேலை பார்த்த பெண்கள். உட்காரவும் விடுவதில்லை, கழிப்பறைக்குப் போகவும் வழியில்லை என்று ‘பெண்கூட்டு’ என்ற பெயரில் ஒன்று சேர்ந்தார்கள். அதன் பலனாக 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் 1947 சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. அன்று பழைய ஹாஸ்டல் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் நாற்காலி படமாக அனுப்பித் தள்ளினார்கள்.

நானும் சந்தோஷப்பட்டவன்தான். ஆனால் அந்தப் பிரிவைப் படித்தால் ஒரு இடம் உறுத்துகிறது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு வசதி இருக்க வேண்டும் என்பதுதான் சாரம். தொழிற்சாலைகளுக்கு 1948 சட்டத்தில் எழுதியதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். சரி, வாய்ப்புக் கிடைத்தது என்று யார் முடிவு செய்வது? நிற்கிறவனா, இன்டர்காமில் கூப்பிடுகிறவனா? ஸ்டூல் வாங்கிப் போட்டதும் சட்டத்துக்குக் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. நாலு ஸ்டூலிலும் சேலை ஏறிவிடுகிறது.

“சேல்ஸ்மேன் உட்கார்ந்திருந்தால் கஸ்டமர் மரியாதை இல்லை என்று நினைப்பார்” என்பார்கள் ஃப்ளோர் மேனேஜர்கள். இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நம் ஊர் ஜவுளி வியாபாரமே உட்கார்ந்து நடந்ததுதானே! வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை, சாய திண்டு, கடைக்காரர் ஒரு பக்கம் சம்மணம், வாங்க வந்த குடும்பம் எதிர்ப்பக்கம் சம்மணம். காஞ்சிபுரத்தில் இன்றைக்கும் அப்படிப் பட்டு காட்டுகிற கடைகள் உண்டு. அங்கே போய் யாரும் மரியாதை குறைந்துவிட்டது என்று எழுந்து வந்ததாகத் தெரியவில்லை. நடுவில் கவுண்டர் வந்தது, கஸ்டமருக்கு ஸ்டூல் வந்தது, இந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. பிறகு நிற்பதுதான் மரியாதை என்று ஆகிவிட்டது.

இதில் நம் பங்கும் இருக்கிறது. போன வாரம் அந்தப் பெண்ணிடம், “உக்காந்து காட்டும்மா, நாங்க எங்க போயிரப் போறோம்” என்றேன். அது சிரித்துக்கொண்டே மேலே கேமராவைப் பார்த்தது. என் மாமியார், “அது உக்காந்துட்டா மேல் தட்டுல இருக்கத யாரு எடுத்துத் தர?” என்றார்.

மாமியாரைச் சொல்லி என்ன, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இப்போது ஊரில் சின்னதாக ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன், வேலைக்கு இரண்டு பிள்ளைகள். கடை திறக்கும்முன் முதலில் வாங்கியதே சாய்மானம் வைத்த இரண்டு நாற்காலிதான். அதில் எனக்குப் பெருமை வேறு. இரண்டு மாதத்துக்கு முன் பேங்குக்குப் போய்விட்டு வந்தேன். கடையில் ஆள் இல்லை, ஒரு பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தது. “என்ன பாப்பா, வேலை ஒண்ணும் இல்லையா?” என்று என் வாய் கேட்டுவிட்டது. யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. அந்த இன்டர்காம் குரல் அப்படியே இருந்தது. பிள்ளை சட்டென்று எழுந்து, மடித்திருந்த நைட்டியை எடுத்துப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தது.

அன்றைக்கே சாரி சொன்னேன். “பரவால்லண்ணே” என்றது. ஆனால் அதற்கப்புறம் அந்த நாற்காலியில் எப்போதும் ஒரு நைட்டி பண்டல் இருக்கிறது. இரண்டு தடவை நானே எடுத்துக் கீழே வைத்தேன். மறுநாள் வந்து பார்த்தால் பண்டல் திரும்ப நாற்காலியில்.