முதியோர் அட்டையும் பஸ் காசும்

மேலே பகிரப்பட்டிருக்கிற செய்தி சொல்வது இதுதான்: 60 வயது கடந்தவர்கள் முதியோர் அடையாள அட்டையைக் காட்டினால் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸிலும் ரயிலிலும் காசில்லாமல் போகலாம். நல்லெண்ணத்தோடுதான் பகிர்ந்திருக்கிறீர்கள், ஆனால் அது சரியில்லை.

பிரதேச செயலகம் ஊடாகக் கிடைக்கிற அந்த அட்டை, அலுவலகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் முன்னுரிமை கேட்க உதவும். பயணச்சீட்டுக்குப் பதிலாகச் செல்லாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்திலும் இலவசப் பயணம் என்று ஒன்றும் இல்லை.

குழப்பம் ரயில் வாரண்டில் (காசில்லாமல் ரயிலில் போக அரசாங்கம் குடுக்கிற சீட்டு) இருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறன். அரச பென்சன்காரருக்கு அது உண்டு. இளைப்பாறிய வாத்தியார் ஒருவர் அதில கொழும்புக்குப் போய்வந்தால், பார்க்கிறவைக்கு அது வயதுக்குக் கிடைத்த சலுகை மாதிரித்தான் தெரியும். உண்மையில் அது அரச சேவையால் வருவது. காலமெல்லாம் தோட்டம் செய்தவருக்கோ கடை வைத்திருந்தவருக்கோ இல்லை (நியாயமா என்பது வேறு கதை).

ஆகவே மோட்டார் சைக்கிள் ஓடுறதை விட்ட அப்பாவையோ மாமாவையோ பருத்தித்துறை பஸ்ஸில் தனிய ஏற்றிவிடுகிறவர்கள் டிக்கெட் காசையும் கையில் குடுத்துவிடுங்கோ. கொண்டக்டரோட அவர் ஏன் வாக்குவாதப்பட வேணும்?

நான் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு ஃபோன் எடுத்தால் தமிழிலேயே கேட்கலாம். பிரதேச செயலகத்தில் முதியோர் விடயங்களைப் பார்க்கிற உத்தியோகத்தரும் சொல்லுவார். "சலுகை இருக்கா" என்று பொதுவாகக் கேட்காமல், பஸ் கட்டணத்துக்கு சுற்றறிக்கை ஏதும் இருக்கா, இருந்தால் இலக்கம் என்ன என்று கேளுங்கோ.