நாமினி பேர் இருந்தும் எதற்கு இந்த அலைச்சல்?

இறந்தவரின் கணக்கில் நாமினி பெயர் பதிவாகியிருந்தால் வங்கிக்குத் தேவை மூன்றே மூன்று: கிளைம் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று. ஜாமீன்தாரர் வேண்டாம், ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், கோர்ட் பேப்பர் வேண்டாம். தொகை எவ்வளவாக இருந்தாலும் சரி. பதினைந்து நாளில் பணம் கைக்கு வந்துவிட வேண்டும். இது ஏதோ புதுச் சலுகை என்று நினைக்காதீர்கள், ரிசர்வ் வங்கி 2005 ஜூனிலேயே சொல்லிவிட்டது.

ஆனால் கிளைகளில் நடப்பது வேறு. எங்கள் தெருவில் ஒரு அக்கா. கணவர் கணக்கில் நாற்பதாயிரத்துச் சொச்சம், நாமினி இவரேதான், பாஸ்புக்கிலேயே அச்சாகியிருக்கிறது. கவுன்டரில் சொன்னது: "தாசில்தார் ஆபீஸ்ல வாரிசு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. ரெண்டு ஜாமீன் வேணும், அவங்களுக்கும் இதே பிராஞ்ச்ல அக்கவுன்ட் இருக்கணும்." காரியச் செலவுக்கே கைமாத்து வாங்கியவர் ஜாமீனுக்கு யாரிடம் போய் நிற்பார்?

இதனால்தான் பாதிக் குடும்பங்கள் வங்கிக்கு விஷயத்தைச் சொல்வதே இல்லை. பையனுக்கு பின் நம்பர் தெரியும், இரவோடு இரவாக ஏடிஎம்மில் வழித்து எடுத்துவிடுகிறார்கள். அது தப்புதான். மற்ற வாரிசுகள் புகார் கொடுத்தால் வழக்காகும், இறந்த பிறகு வந்த பென்ஷனை எடுத்திருந்தால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். இருந்தாலும் அவர்களை அந்தக் குறுக்கு வழிக்குத் தள்ளியது யார்?

கவுன்டரில் இருப்பவர் கெட்டவர் இல்லை, பயப்படுகிறார். நாமினி பணத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார், வாரிசுகளுக்காக வாங்கிக்கொள்பவர்தான் என்று 2010இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நாளைக்கு மச்சினன் வந்து சண்டை போட்டால் என்ன செய்வது என்பது அவர் கவலை. அந்தக் கவலைக்கு வேலையே இல்லை. தடுத்து வைக்கும் கோர்ட் உத்தரவு எதுவும் இல்லாதபோது நாமினியிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு அத்தோடு முடிந்தது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டமே அப்படித்தான் இருக்கிறது. பங்குச் சண்டையை வாரிசுகள் நாமினியோடு போட்டுக்கொள்ளட்டும்.

2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புது உத்தரவு போட்டு, 2026 மார்ச் 31க்குள் அமல்படுத்தச் சொன்னது. நாமினியே இல்லாவிட்டாலும், உயிலோ தகராறோ இல்லாத பட்சத்தில், 15 லட்சம் வரை கோர்ட் சான்றிதழ் கேட்கக் கூடாது (கூட்டுறவு வங்கியில் 5 லட்சம்). எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம்: வங்கியின் தாமதத்துக்கு வட்டி போட்டுக் கொடுக்க வேண்டும், லாக்கர் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். இருபது வருஷமாகச் சுற்றறிக்கை செய்யாததை இந்த அபராதம் செய்யும் என்று நம்புகிறேன்.

இன்னொன்று, இதில்தான் எனக்கு நிஜமாகவே கோபம். அந்த அக்காவின் பாஸ்புக்கைப் புரட்டினால் வருஷா வருஷம் மே மாதம் 436 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எப்படி இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். கேட்காமலே பிடிக்கத் தெரிந்த வங்கிக்கு, இறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கும்போது "இதுவும் இருக்கும்மா, கிளைம் போடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் யாராவது 55 வயதுக்குள் போயிருந்தால் பாஸ்புக்கில் 436 என்ற வரியைத் தேடுங்கள். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு.

2024 மார்ச் முடிவில் பத்து வருஷமாக யாரும் கேட்காமல் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்ச் சேர்ந்த பணம் 78,213 கோடி. இதில் எத்தனை பேர் கேட்டு, அலைந்து, வெறுத்து விட்டவர்களோ! பழைய கணக்கைத் தேட உத்கம் என்ற இணையதளம் இருக்கிறது, பெயரும் பான் எண்ணும் போட்டுப் பார்க்கலாம்.

கிளைம் கொடுக்கும்போது தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். கூடுதலாக ஏதாவது கேட்டால், "எந்த விதிப்படின்னு எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாள் ஆகியும் பதில் இல்லையென்றால் நேராக ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனுக்கு (வங்கிகள் மீதான புகார்களைத் தீர்த்து வைப்பவர்) ஆன்லைனில் போடலாம், காசு கிடையாது, வக்கீலும் தேவையில்லை.