மேசைக்கு அடியில் நடுங்கிய கைகள்

கிழக்கும் மேற்கும் சந்திக்கிற சிறுகதை என்றால் பெரும்பாலும் ஒரே அச்சுதான். மேற்கில் தனிமை, கிழக்கில் பாசம். அல்லது மேற்கில் சுதந்திரம், கிழக்கில் கட்டுப்பாடு. கடைசிப் பக்கத்தில் ஒரு பக்கம் ஜெயித்துவிடும். எனக்கு இந்த வகைக் கதைகளில் நம்பிக்கை போய்விட்டது. போகச் செய்தது நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஜப்பானியக் கதை: ரியூனோசுகே அகுதாகவா 1916இல் எழுதிய 'கைக்குட்டை'. அப்போது அவருக்கு வயது 24.

டோக்கியோவில் ஒரு பேராசிரியர், பெயர் ஹசெகவா. மனைவி அமெரிக்கர். ஜப்பானின் புஷிதோ, அதாவது சாமுராய் அறம், கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் என்று நம்புகிறவர். வராந்தாவில் உட்கார்ந்து, ஸ்வீடன் நாடக ஆசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க் நாடகக் கலை பற்றி எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறார். அப்போது அவருடைய மாணவன் ஒருவனின் அம்மா வருகிறார். மகன் வயிற்று நோயில் இறந்துவிட்டான் என்று சொல்கிறார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை, குரல் கம்மவில்லை, உதட்டில் லேசான புன்னகைகூட இருக்கிறது. பேராசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. தற்செயலாகக் கையிலிருந்த விசிறி கீழே விழ, எடுக்கக் குனிகிறார். மேசைக்கு அடியில், மடியில் இருந்த அந்தத் தாயின் கைகள் வெடவெடவென்று நடுங்குகின்றன. கைக்குட்டை கிழிந்துவிடும் போல முறுக்கிப் பிடித்திருக்கிறார். முகம் சிரிக்கிறது, உடம்பு முழுக்க அழுகிறது.

பல எழுத்தாளர்கள் இங்கேயே முடித்திருப்பார்கள். அகுதாகவா முடிக்கவில்லை. இரவு பேராசிரியர் மனைவியிடம் இதைச் சொல்லி, ஜப்பானியப் பெண்களின் புஷிதோ இது என்று பூரிக்கிறார். ஒரு பத்திரிகை கேட்டிருந்த கட்டுரைக்கு இதையே வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்கிறார். அப்புறம் புத்தகத்தைத் திறந்தால் ஸ்ட்ரிண்ட்பெர்க் சொல்கிறார்: முகத்தில் சிரிப்பு, கையில் கைக்குட்டையைக் கிழிப்பது, இப்படி இரட்டை நடிப்பு நடித்த நடிகையை ஒரு காலத்தில் கொண்டாடினார்கள், இன்று அது மலிவான உத்தி. பேராசிரியரின் நிம்மதி அதோடு போகிறது.

அந்தத் தாய்க்குச் செய்த அநீதி புத்தகத்தில் மட்டும் இல்லை, பாராட்டிலும் இருக்கிறது என்பதுதான் என் கருத்து. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கை நடுக்கத்தை ஒருவர் 'நம் பண்பாடு' என்று எடுத்துக்கொள்கிறார், இன்னொருவரின் கணக்கில் அது மேடைத் தந்திரம். நடுவில் அவள் துக்கம் யார் கண்ணிலும் படவில்லை. நாமும் இதைத்தான் செய்கிறோம். வெளிநாட்டு வாசகருக்காக எழுதும்போது நம் பாட்டிகளின் பொறுமையை, அம்மாக்களின் மௌனத்தை எவ்வளவு சுலபமாகப் பெருமையாக்கிவிடுகிறோம்!

இந்தப் பேராசிரியர் பாத்திரத்துக்கு நிஜத்தில் மாதிரியாக இருந்தவர் இனாசோ நிதோபே என்பார்கள். 1900இல் ஆங்கிலத்தில் புஷிதோ பற்றி நூல் எழுதி உலகத்துக்கு ஜப்பானை விளக்கியவர். அகுதாகவா படித்த உயர்நிலைக் கல்லூரியின் தலைமை ஆசிரியரும் அவரே. பின்னாளில் அவர் முகம் 5,000 யென் நோட்டில் வந்தது. அப்படிப்பட்டவரின் புஷிதோ பெருமிதத்தையே அவர் கல்லூரி மாணவன் ஒருவன் கதையில் கேள்வி கேட்டிருக்கிறான். இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொன்று. ஜெர்மனியில் படித்த காலம் பேராசிரியருக்கு நினைவுக்கு வருகிறது. பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் இறந்தபோது, தங்கியிருந்த வீட்டுக் குழந்தைகள் 'தாத்தா' போய்விட்டார் என்று தேம்பித் தேம்பி அழுதார்கள். மேற்கில் உணர்ச்சியை இப்படிக் கொட்டுகிறார்களே என்று அவர் வியந்தார். மேற்கத்தியர் உணர்ச்சியற்றவர்கள் என்று நாம் எழுதுவதற்கு நேர் எதிர்! யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து 'மேற்கு' மாறிவிடுகிறது.

எனக்கு இந்தக் கதையில் ஒரே ஒரு மனக்குறை. அந்த அமெரிக்க மனைவி வெறுமனே கேட்டுக்கொள்பவராக மட்டும் வருகிறார். நிதோபேயின் மனைவி மேரி எல்கின்டன் பிலடெல்பியாவைச் சேர்ந்தவர். பெற்றோரின் எதிர்ப்பை மீறி 1891இல் அவரை மணந்து ஜப்பானுக்குப் போனவர். கணவர் தன் நாட்டுப் பெண்களின் மன உறுதியைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது அப்படி ஒரு பெண் மனதுக்குள் என்ன நினைத்திருப்பார்? அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கதையை யாராவது எழுத வேண்டும். தமிழில் எழுதினால் இன்னும் சந்தோஷம்.