பத்து காவான் தொடக்கம் முதலே ஜசெக கோட்டையாக இருந்ததில்லை
மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதி தொடக்கம் முதலே ஜசெகவின் (ஜனநாயக செயல் கட்சியின்) கோட்டை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2004இல் அங்கே வென்றது, அப்போது ஆண்ட தேசிய முன்னணியின் உறுப்புக் கட்சியான கெராக்கான். அன்று எதிர்க்கட்சியாக இருந்த ஜசெகவின் கோட்டையாக இருந்திருந்தால், 1990 முதல் பினாங்கு முதலமைச்சராக இருந்த கெராக்கானின் கோ சூ கூன் 2008இல் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட அத்தொகுதியைத் தேர்ந்திருப்பாரா? தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த என் தந்தை தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்தைத் தவிர வேறெதற்கும் வாக்களித்தறியாதவர். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராப் பேரணியின் படங்களை நாளிதழில் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தவர், மறு ஆண்டு மார்ச் 8 அன்று ஜசெகவின் ராக்கெட் சின்னத்துக்கு வாக்களித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. அன்றிரவு ஜசெகவின் பேராசிரியர் இராமசாமி முதலமைச்சரையே வீழ்த்தினார். பின்னர் 2013, 2018 தேர்தல்களில் அதே கட்சியின் கஸ்தூரி பட்டுவும், 2022இல் சாவ் கொன் இயோவும் வென்றனர். பத்து காவானைப் பினாங்குத் தீவுடன் இணைக்கும் இரண்டாவது பாலம் வந்த பிறகே வாக்குகள் மாறின என்று வேறொரு வாசகர் குறிப்பிட்டிருக்கிறார்; பாலம் திறக்கப்பட்டது 2014 மார்ச்சில், அதற்குள் ஜசெக அங்கே இரண்டு முறை வென்றுவிட்டது.